கால் வழியே இறங்கிய கண்ணூறு

கற்பிட்டியில் இரண்டு வாரமாக மீன் விலையைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. மழை கூடி வெங்காயம் அழுகிப்போனதைப் பற்றியும் கதைக்கவில்லை. பெண்கள் இருவர் சந்தித்தால் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உங்கட தண்ணி என்ன நிறம்?"

பழுப்பு என்றால் ஈரலில் கழிவு. கறுப்பு என்றால் கண்ணூறு, யாரோ ஒருத்தியின் கொள்ளிக்கண். மேலே நுரை கட்டினால் உறவுக்காரியின் பொறாமை. மூன்றும் சேர்ந்து வந்தவளுக்கு ஊரில் தனி மரியாதை. வெறும் பழுப்போடு வீடு திரும்பிய ஒருத்தி, தன்மீது பொறாமைப்பட ஒரு நாதியும் இல்லையா என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாளாம்.

இந்த நிறங்களுக்கெல்லாம் பொருள் கண்டுபிடித்த மகான் ஹீலர் நஜாத். கொழும்பிலிருந்து வந்தவர் என்று பதாகை சொன்னது. பதாகை அடிப்பதற்கு முன்னால் என்ன தொழில் பார்த்தார் என்று அது சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. முதலில் அவர் வாட்ஸ்அப்பில்தான் வந்தார். 'பெண்ணே, உன்னைக் கவனி' என்று ஒரு குழு. ஒவ்வொரு நாளும் சுபஹ் தொழுகை முடிந்த கையோடு அவருடைய குரல் வந்துவிடும். காலையில் தண்ணீர் குடியுங்கள், கீரை சாப்பிடுங்கள், கொஞ்சம் நடங்கள், மத்தியானம் அரை மணித்தியாலம் ஓய்வெடுங்கள். இதில் ஒரு குற்றமும் இல்லை. பத்து வருஷமாக மிட்வைஃப் நிரூபா மிஸ் சைக்கிளில் வீடு வீடாக வந்து சொன்னதும் இதைத்தான். ஆனால் அவர் இலவசமாகச் சொன்னார், பின்னணி இசையும் போடவில்லை. யார் கேட்பார்கள்?

குழுவில் ஆயிரம் பெண்கள் சேர்ந்த பிறகு மெஷின் வந்தது. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, நடுவில் பச்சைத் திரை ஒன்றைக் கட்டினார் நஜாத். அந்நியப் பெண்களின் பாதத்தைத் தான் பார்க்க மாட்டாராம். ஆகவே திரைக்கு இந்தப் பக்கம் எட்டுக் கதிரைகள், எட்டு பேசின்கள், ஒத்தாசைக்கு றஹ்மா என்றொரு பெண். திரைக்கு அந்தப் பக்கம் அவர். பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஒரு கம்பிச் சுருளைப் போட்டு, மெஷினை முடுக்கி, காலை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருக்க வேண்டும். பிறகு றஹ்மா பேசினைத் தூக்கிக்கொண்டு திரைக்குள் போவாள். பெயரையும் உம்மாவின் பெயரையும் சொன்னால் அவர் உள்ளே இருந்தே தண்ணீரைப் பார்த்துப் பலன் சொல்லுவார். இவ்வளவு பேணுதலான மனிதரைச் சந்தேகப்பட யாருக்கு மனம் வரும்?

தண்ணீரில் போட ஓதிய உப்பும் விற்றார். நாட்டுக்கே உப்புக் கொடுக்கிற மாவட்டம் இது. பாலாவியில் உப்பு வெள்ளை மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதைக் கடந்து பஸ்ஸில் வந்த பெண்கள், கொழும்பிலிருந்து உறை போட்டு வந்த ஒரு கைப்பிடி உப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்கள். மதுரங்குளியிலிருந்து வந்தார்கள், கனமூலையிலிருந்து வந்தார்கள். உடப்பிலிருந்து திருநீறு பூசிய பெண்கள் வேன் பிடித்து வந்தார்கள். ஏமாறுவதில் மட்டும் நம் ஊர்களுக்குள் என்ன ஒரு ஒற்றுமை.

றைஸாவும் போனாள். அவளைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துவிடாதீர்கள். தையல் மெஷினில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போன நாற்பது வயதுக்காரி. போய் இருந்தாள், கால் லேசாக இருந்தது, தண்ணீர் பழுப்பாக வந்தது, ஈரல் சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தாள். நான்கு நாள் கழித்துத் தங்கை ஃபஹ்மியாவுக்கு மீனாணம் கொண்டுபோனபோதுதான் வினை தெரிந்தது.

ஃபஹ்மியா ஐந்து மாதக் கர்ப்பிணி. முகம் வெளுத்து, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். அன்று கதவைத் திறந்தது அவள் அல்ல, அவளுடைய மாமி, புருஷனின் உம்மா. கறிச்சட்டியைக் கையில் வாங்கவே இல்லை. ஃபஹ்மியாவின் தண்ணீர் துரு நிறத்தில் வந்ததாம். கிளினிக் மாத்திரைதான் உடம்புக்குள் துருப்பிடித்துக் கால் வழியே இறங்குகிறது, உடனே நிறுத்த வேண்டும் என்று ஹீலர் சொல்லிவிட்டாராம். அதோடு நுரையும் கட்டியதாம். இரத்த உறவில் ஒரு பெண்ணின் கண் வயிற்றில் விழுந்திருக்கிறது என்றாராம்.

"உனக்கு அல்லாஹ் புள்ள குடுக்கல்ல. அதுக்கு நாங்க என்ன செய்ற?" என்றாள் மாமி. "புள்ள பொறக்கும் வரைக்கும் இந்தப் பக்கம் வராத மகள்."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த ஃபஹ்மியா தலையைத் திருப்பிக்கொண்டாள். உம்மா மௌத்தான பிறகு றைஸா தூக்கி வளர்த்த பிள்ளை அவள். கறிச்சட்டியோடு திரும்பி நடந்த றைஸா வழியெல்லாம் அழுதாள். நிரூபா மிஸ்ஸிடம் போய்ச் சொன்னபோது அவரும் பதறிப்போனார். இவ்வளவு குறைந்த இரத்தத்தோடு பிள்ளை பெறப் போனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்றார். தான் மூன்று தரம் போயும் மாமி கதவைத் திறக்கவில்லை என்றார்.

மறுநாள் கணவன் முபாரிஸுக்குப் பகல் சாப்பாடு கொண்டு கரைக்குப் போனாள். அவன் படகு எஞ்சின் திருத்துகிறவன். அன்று திருத்திக்கொண்டிருந்த படகின் அடியில் கடல் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் பற்றரி வயர் ஒன்று கழன்று ஒரு இரும்புக் கம்பியின் மேல் விழுந்து கிடந்தது. தண்ணீர் கடும் பழுப்பு, மேலே அழுக்கு நுரை. றைஸா குனிந்து மோந்து பார்த்தாள். அதே நாற்றம். அவளுடைய ஈரலிலிருந்து இறங்கிய அதே நாற்றம்.

படகுக்கு ஈரல் உண்டா என்று கேட்டாள். முபாரிஸ் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"உப்புத் தண்ணிக்குள்ள கரண்ட் போனா இரும்பு கரையும். அதான் கலங்கிக் கிடக்கு," என்றான். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். ஒரு பெரிய உண்மையைப் பின்னணி இசையில்லாமல் சொன்னால் அப்படித்தான், சோற்றோடு சோறாகப் போய்விடும்.

றைஸாவுக்கு அது அப்படிப் போய்விடவில்லை. வியாழக்கிழமை ஃபஹ்மியாவின் மூன்றாவது முறை என்று விசாரித்து அறிந்து, அதே நாளில் தனக்கும் பெயர் பதிந்தாள். மண்டபத்தில் எட்டுக் கதிரையும் நிறைந்திருந்தது, முறைக்குக் காத்திருந்த பெண்கள் முற்றம் நிறைய இருந்தார்கள். ஓரத்தில் றைஸா. நான்கு கதிரை தள்ளி ஃபஹ்மியா, பக்கத்தில் காவலுக்கு மாமி. றஹ்மா தண்ணீர் ஊற்றினாள், உப்பைக் கொட்டினாள், சுருளைப் போட்டாள், மெஷின்களை முடுக்கிவிட்டு, ஹீலர் விற்கும் தூள் மருந்தைப் பொட்டலம் கட்டுவதற்குத் திரைக்குள் போனாள்.

அவள் போனதும் றைஸா காலைத் தூக்கிக் கதிரையில் சம்மணம் போட்டுக்கொண்டாள். தண்ணீரில் இன்னும் நனையாத கால். அபாயாவை இழுத்து முழங்காலிலிருந்து பேசின் விளிம்புவரை விரித்துவிட்டாள். நஜாத் பாதத்தைப் பார்க்காத மனிதர் அல்லவா, அவருக்கு எப்படித் தெரியும்?

பக்கத்துக் கதிரைப் பெண் என்ன புள்ள செய்யிறாய் என்று கிசுகிசுத்தாள். பேசாமல் பேசினைப் பார்க்கச் சொன்னாள் றைஸா. ஐந்து நிமிஷத்தில் தண்ணீர் மஞ்சளானது. பத்து நிமிஷத்தில் பழுப்பு. இருபது நிமிஷத்தில் நல்ல கொழுத்த நுரை. செய்தி கதிரைக்குக் கதிரை தாவியது. எட்டுப் பெண்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கடைசியாக ஃபஹ்மியாவும் பார்த்தாள்.

றஹ்மா திரும்பி வந்தபோது றைஸா காலைப் பேசினுக்கு அப்பால் தரையில் வைத்திருந்தாள். பேசின் உள்ளே போனது. பெயர் றைஸா, உம்மா பெயர் சல்மா என்று சத்தமாகச் சொன்னாள். திரைக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது.

"சகோதரி, பயப்படாதீங்க. துரு நிறம் வந்திரிக்கி. ஆஸ்பத்திரி மருந்து உடம்புக்குள்ள தேங்கிக் கிடக்கு. நுரையும் இரிக்கி. இது இரத்த உறவில ஒரு பெண்ணோட கண். உங்களுக்கு ஆகப் பக்கத்தில இருக்கிறவ."

ஃபஹ்மியா நிமிர்ந்தாள். றைஸாவுக்கு இரத்த உறவில் இருப்பவள் தான் ஒருத்திதான். தனக்கு, தூக்கி வளர்த்த ராத்தாவின் கண், ராத்தாவுக்குத் தன் கண். இதற்கிடையில் உடப்பிலிருந்து வந்த ஒரு பெண், தனக்கும் இதே சொல்லைத்தான் சொன்னார் என்றாள். அதனால் சொந்தத் தங்கையோடு பேச்சை நிறுத்தி ஒரு வாரமாகிவிட்டதாம். கனமூலைப் பெண்ணுக்கும் அதே சொல். அவள் பெரியும்மாவின் மகளை வீட்டைவிட்டே அனுப்பிவிட்டாள். திண்டாடிப்போன எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஊரில் கண்ணூறு போடாத பெண்ணே மிச்சமில்லை போலிருந்தது.

றைஸா எழுந்து போய்த் திரையை இழுத்தாள். கயிறோடு அறுந்து வந்தது. அந்தப் பக்கம் ஒரு மேசை, மின்விசிறி, பாதி தின்ற கொத்துரொட்டி, அதன் பின்னால் ஹீலர்.

"என்ட கால் தண்ணியில படவே இல்ல," என்றாள் றைஸா. "அப்ப யார்ட ஈரல் இது?"

நஜாத் சும்மா ஆள் இல்லை. கொத்துரொட்டியை விழுங்கினார். உடம்பு பக்கத்தில் இருந்தாலே போதும், மூச்சுக்காற்று வழியாகவும் கண்ணூறு இறங்கும் என்றார். மாமி ஓமென்று தலையாட்டினாள். இரண்டொரு பெண்கள் மறுபடி திரைக்குப் பின்னால் அவரைக் கொண்டுபோய் வைக்கவும் தயாராகத்தான் இருந்தார்கள். நம்பிக் கெட்டவர்களுக்குக் கெட்டதைவிட நம்பிக்கைதான் பெரிது.

அப்போதுதான் ஃபஹ்மியா எழுந்தாள். மூச்சு வாங்க வாங்க மண்டபத்து முற்றத்துக் குழாயில் ஒரு வாளி தண்ணீர் பிடிக்கச் சொன்னாள். உப்பைத் தானே கொட்டினாள். மேசைக்கு அடியில் இருந்த பெட்டியிலிருந்து பளபளவென்று ஒரு புதுச் சுருளை எடுத்துப் போட்டாள். மெஷின் ஒன்றை முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லி முடுக்கினாள். எல்லாரும் தள்ளி முற்றத்து மூலைக்குப் போங்கள், மூச்சும் விடவேண்டாம் என்றாள். எண்பது பெண்கள் மதிலோரம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நடு முற்றத்தில் தன்னந்தனியாக ஒரு பிளாஸ்டிக் வாளி.

வாளி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அதற்கும் ஈரலிலிருந்து கழிவு இறங்கத் தொடங்கியது. நுரையும் கட்டியது.

"இந்த வாளிக்கு யார் கண்ணூறு போட்ட, ஹீலர்?" என்று கேட்டாள் ஃபஹ்மியா. "அதுக்கும் ராத்தா இரிக்கியா?"

சிரிப்பு முதலில் மதிலோரத்தில் எங்கோ கிளம்பியது. பிறகு அடக்க முடியவில்லை. றைஸா பெட்டியிலிருந்து பழைய சுருள்களை எடுத்துக் காட்டினாள். கரையான் அரித்ததைப்போல் எல்லாம் பாதியாகத் தேய்ந்திருந்தன. உங்கள் காலில் இருந்து இறங்கிய துரு இந்தக் கம்பியுடையது, மாத்திரையுடையது அல்ல என்று ஒவ்வொருத்தியின் கையிலும் கொடுத்தாள். கம்பி கை மாறி மாறிப் போனது. அது திரும்பி வருவதற்குள் நஜாத் பின்கதவால் வேனில் ஏறிவிட்டார். றஹ்மாவைக்கூட ஏற்றிக்கொள்ளவில்லை. அவள்தான் கடைசியில் பேசின்களைக் கழுவி அடுக்கினாள், பாவம், இரண்டு வாரச் சம்பளமும் கிடைக்கவில்லை.

அன்றே ஃபஹ்மியா கிளினிக்குக்குப் போனாள். றைஸாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். நிரூபா மிஸ் இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு ஏசினார், ஏசியபடியே மாத்திரையைக் கொடுத்தார். ராத்தாவைச் சந்தேகப்பட்டதை நினைத்து ஓட்டோவில் வரும்போது ஃபஹ்மியா விம்மி விம்மி அழுதாள். றைஸாவும் அழுதாள். பிறகு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்க வைத்தாள், தேத்தண்ணியோடு வேண்டாம் என்று மிஸ் சொல்லியிருந்தார்.

மாமிக்கு மட்டும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கூடியிருந்த பெண்களிடம் புலம்பினாள். மனிசன் கள்ளனாகவே இருக்கட்டும், ஆனாலும் அங்கே போய் இருந்து வந்தால் கால் எவ்வளவு லேசாக இருந்தது, அது பொய்யா என்றாள். மற்றப் பெண்களும் அது உண்மைதான் என்றார்கள்.

"அது உண்மைதான் மாமி. எனக்கும் லேசாத்தான் இருந்திச்சி," என்றாள் றைஸா. "அரை மணித்தியாலம் ஒருத்தரும் கூப்பிடாம, காலை நீட்டி, சும்மா இருந்தா யாருக்குத்தான் லேசா இருக்காது? அந்த அரை மணித்தியாலத்துக்குத்தான் நாங்க வேன் புடிச்சிப் போன. ஊட்டுல ஒரு கதிரையும் இல்லையா?"

அடுப்படியில் ஃபஹ்மியா வெளுத்த முகத்தோடு, ஐந்து மாத வயிற்றோடு, பத்துப் பேருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள். மாமி எழும்பிப் போய் அவள் கையிலிருந்த கேத்தலை வாங்கினாள்.

நீங்களும் இப்போதே உங்கள் வீட்டு அடுப்படியை எட்டிப் பாருங்கள். அங்கே நிற்பவளுக்குக் கண்ணூறா, களைப்பா என்று கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், மூளை போதும். அதைத் திரை போட்டு மூடி வைத்திருக்கிறவரை அடுத்த ஹீலருக்கு இந்த ஊரில் இடம் உண்டு.