டிரேவர் தோட்டத்துச் சௌசௌ

காலை வேளைகளில் என் மனைவி ஜோசஃபினை வீட்டைவிட்டு வெளியேற்றுவது என்று தீர்மானித்தேன். தப்பாக நினைக்க வேண்டாம். ஒன்பது மணிவரைக்கும் போதும்.

காக்ஸ் டவுனில் எங்கள் பழைய வீடு இருந்தவரை அது தானாகவே நடந்தது. விடிந்ததும் அவள் தோட்டத்துக்கு இறங்கிவிடுவாள். எனக்கு ரேடியோ, பேப்பர், இரண்டாவது காபி. பட்டர் ஃப்ரூட் ஒன்று தகரக் கூரைமேல் விழும். ஈரமண் வாசனை ஜன்னல் வழியே வரும். செடிகளைத் திட்டும் அவள் குரல் டேலியா பாத்திக்கு அந்தப் பக்கத்திலிருந்து லேசாகக் கேட்கும். மனைவியின் குரலுக்கு அதுதான் சரியான தூரம்.

அந்த வீட்டை இடித்து அபார்ட்மெண்ட் கட்டினார்கள். எங்களுக்கு முதல் மாடி. இப்போது அந்தக் குரலுக்கும் எனக்கும் நடுவே ஒரு சோபாதான்.

"பேப்பர்ல முகத்தை மறைச்சுக்கிட்டா மிக்ஸி தானா கழுவிக்குமா?"

அதனால்தான் அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்தேன். கட்டடத்துக்குப் பின்னால் மிச்சமிருக்கும் மண்ணில் எல்லோரும் சேர்ந்து தோட்டம் போடலாம் என்றேன். செக்ரெட்டரி க்ளென் அங்கே பைக் நிறுத்த ஆசைப்பட்டிருந்தான். நான் விடவில்லை.

"இந்த மண்ணுல எத்தனை டேலியா பூத்துச்சு தெரியுமா?"

கேட்டபோது எனக்கே அந்தப் பாத்தி நினைவுக்கு வந்தது. நிஜமாகவே வந்தது. கைதட்டினார்கள்.

"பார்த்துக்க ஒரு ஆள் வேணுமே அங்கிள்," என்றாள் கீழ்வீட்டுக் கன்னடக்காரி காந்தா.

நான் ஜோசஃபினைப் பார்த்தேன். அவள் கூச்சத்தோடு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"ஆள் எதுக்குத் தேடணும்? க்ளென், நம்ம சர்ச் அறுப்புப் பண்டிகை ஏலத்துல வருஷா வருஷம் சௌசௌ கூடை யார் பேர்ல வரும்?"

"டிரேவர் அங்கிள் தோட்டத்துச் சௌசௌ," என்றான் க்ளென். "பாஸ்டர் மைக்குலயே சொல்வாரே."

எங்கள் சபையில் காய் யார் வளர்த்ததானாலும் வீட்டுத் தலைவர் பேரில்தான் ஏலம் போகும். என் பேரைச் சொன்னதும் நான் கோட் போட்டுக்கொண்டு எழுந்து நின்று தலையாட்டுவேன். மரியாதைக்கு வேறென்ன செய்வது?

"எல்லாம் அவரு கைராசி," என்றாள் ஜோசஃபின். "நான் துணி காயப் போடத்தான் அந்தப் பக்கம் போவேன்."

"ஜோ..." என்றேன் மெதுவாக.

"பாஸ்டர் சொன்னது பொய்யின்னு சொல்லுங்க. உக்காந்துக்கிறேன்."

நான் உட்கார்ந்துகொண்டேன்.

இப்போது விடிந்ததும் காந்தா பெல் அடிக்கிறாள். "அங்கிள், ஸ்வல்ப சீக்கிரம் வாங்க. கத்தரிச் செடி வாடுது." ரப்பர் குழாயோடு இறங்குகிறேன். டேலியா பாத்தி இருந்த இடத்தில் தக்காளி. தண்ணீர் பட்டதும் மண்ணிலிருந்து அதே வாசனை எழுகிறது. ஒரு நிமிஷம் பழைய வீடு அப்படியே நிற்கிறது. அப்புறம் குழாய் கையைவிட்டு நழுவி என் பேண்ட்டை நனைக்கிறது.

இன்று சௌசௌ கொடியோடு மல்லுக்கட்டி அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். மேலே பால்கனியில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஜோசஃபின் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காபித் தம்ளரோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அந்தக் காலத்துல நீங்க ஏன் தோட்டத்துப் பக்கமே வரலைன்னு இப்பத்தான் புரியுது."