தட்டியரும் நான் அடித்த பதினாறு ஆணிகளும்

உருத்திரபுரத்தில் தட்டியர் தட்டிப் பார்க்காத பொருள் கிடையாது. உழவு இயந்திரம் திருத்துகிறவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தேத்தண்ணியைக் குடிக்கக் குடிக்கக் கிளாசைக் கரண்டியால் தட்டுவார். "குறையக் குறையச் சத்தம் ஏறுது, கேட்டீரோ?" என்பார். செத்தவீட்டிலும் இரும்புக் கதிரையைத் தட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

இவர்தான் என் மகளின் முன்பள்ளி விழாவுக்கு, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கிற சைலபோன் செய்ய வந்தார். நான் தச்சன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பயப்படுவதில் மட்டும் பட்டதாரி. முதிரை மரத்தில் எட்டுக் கட்டைகள் அறுத்துக் கொடுத்தேன். நீளமானது கனத்துப் பேசியது, சின்னது கீச்சிட்டது. குரல் இன்னும் ஏற வேண்டுமென்றால் தட்டியர் நுனியைச் சீவினார். இறங்க வேண்டுமென்றால் அடிவயிற்றைச் சுரண்டினார்.

"வயிறு மெலிஞ்சால் குரல் இறங்குமோ அண்ணை? என்ரை மனுசிக்கு அப்பிடி நடக்கேல்லையே," என்றேன்.

குசினிக்குள் ஒரு சட்டி பலமாக விழுந்தது.

தட்டியர் ஒவ்வொரு கட்டையையும் தனிக் கயிற்றில் சட்டத்தோடு கட்டிவிட்டுப் போனார். எனக்கோ நிம்மதியில்லை. கயிறு அறுந்து பிள்ளைகளின் காலில் விழுந்தால்? கட்டைக்கு இரண்டாக, நுனிகளில் பதினாறு ஆணி இறுக்கினேன்.

விழாவன்று காலை மகள் அடித்துப் பார்த்தாள். "டொக்." எட்டும் ஒரே "டொக்". அவள் அழத் தொடங்கினாள். மேடையேற இரண்டு மணித்தியாலம்தான் இருந்தது. தட்டியருக்குப் போன் போட்டேன்.

வந்தவர் குனிந்து பார்த்தார். "ஆர் இந்த ஆணி அடிச்சது?"

"நான்தான் அண்ணை. ஒரு பாதுகாப்புக்கு…"

"தங்கச்சி, கொஞ்சம் உப்பு கொண்டு வாங்கோ," என்றார் என் மனைவியிடம். என்னை ஊறுகாய் போடப்போகிறார் என்றே நினைத்தேன்.

ஒரு கட்டையைக் கழற்றி, இரண்டு பஞ்சுத் துண்டுகளில் வைத்து, உப்பைத் தூவி மெல்லத் தட்டினார். உப்பு துள்ளித் துள்ளி, இரு நுனிகளுக்கும் சற்று உள்ளே இரண்டு கோடாகக் கூடியது.

"இந்த ரெண்டு இடமும்தான் ஆடாது. இதிலை கட்டினால் மிச்சமெல்லாம் ஆடும், சத்தம் வரும். நீர் நுனியிலை ஆணி அடிச்சால்? உம்மடை கலியாணப் படத்திலை நீர் நிண்ட மாதிரித்தான் நிக்கும்."

மனைவி அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தட்டியருக்குப் பால் தேத்தண்ணி கொடுத்தாள்.

பதினாறு ஆணியையும் பிடுங்கி, ஒருவாறு மேடைக்குப் போய்ச் சேர்ந்தோம். மகள் அடிக்க அடிக்கச் சபை அமைதியானது. பாட்டின் நடுவில், என் ஆணி உரசி நைந்திருந்த கயிறு அறுந்து நாலாவது கட்டை விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது தட்டியர் மேடையில் முழந்தாளில் நின்றார். ஆடாத அந்த இரண்டு இடங்களிலும் இரண்டு சுட்டுவிரல்களைக் கொடுத்துக் கட்டையை ஏந்திக்கொண்டிருந்தார். மகள் நிறுத்தவேயில்லை, அடித்தாள். "டிங்!" அடுத்த அடி கட்டையில் படவில்லை, விரலில் பட்டது. பாட்டு முடியும்வரை மனிதர் அசையவில்லை.

பிறகு, வீங்கிய விரலுக்கு நான் ஐஸ் பிடித்துக்கொண்டிருக்க, "நாலாவது கட்டையின்ரை குரல் ஒரு சொட்டு இறங்கிப் போச்சு, என்ன?" என்று கவலைப்பட்டார்.