பத்துத் திருத்தம்

“உங்கள் திருத்தம் ஏற்கப்படவில்லை. நீங்கள் புதியவர்” என்று கணினி மூன்றாவது முறையாகச் சொன்னது.

புதியவருக்கு வயது நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக எண்ணெய்க் கையோடு அலைந்தவர். முட்டி தேய்ந்துபோனதால், லிஃப்ட் பராமரிக்கும் இந்த அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. எல்லோரும் அவரைப் ‘புதுசு’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

விஷயம் இதுதான். லிஃப்ட் பாதியில் நின்றால் என்ன செய்வது என்று கட்டடக் காவலாளிகள் படித்துத் தெரிந்துகொள்ள, ஊழியர்கள் எல்லோரும் சேர்ந்து இணையத்தில் ஒரு வழிகாட்டி எழுதி வைத்திருந்தார்கள். அதில் ஒரு பக்கம், லிஃப்டை நகர்த்த முதலில் மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்று, பிறகு மெயின் சுவிட்சை அணை என்றது. அது தலைகீழ். சுற்றுகிற நேரம் பார்த்து மோட்டார் ஓடினால், காவலாளிக்கு மோதிரம் போட விரல் இருக்காது.

புதுசு மேலாளர் மேடத்திடம் போனார்.

“நீங்களாவது மாத்திடுங்க மேடம்.”

“நான் மெக்கானிக் இல்லையே. நீங்க சொல்றது சரின்னு எப்படி நம்பறது?”

“இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் மேடம்.”

“ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தரும் இப்படித்தான் சொன்னார். சேர்ந்த அன்னைக்கே, கதவு சத்தம் போட்டா சோப்புத் தண்ணி ஊத்தலாம்னு எழுதிட்டார். நாலு கட்டடத்துல ஊத்திட்டாங்க. அப்புறம்தான் இந்த விதியைப் போட்டேன். முதல்ல சின்னதா பத்து திருத்தம் பண்ணுங்க. பத்தும் சரியா இருந்தா, எந்தப் பக்கத்துல வேணாலும் கை வைக்கலாம்.”

மேடம் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல்.

அந்தப் பத்தை முடித்து நம்பிக்கை பெற்றவர்கள் அலுவலகத்தில் ஐந்து பேர். அவர்களில் ஒருவரான ஸ்டோர்காரரிடம் கேட்டுப் பார்த்தார்.

“எனக்கு உதிரி பாகம் தெரியும், சக்கரம் தெரியாது. தெரியாததுல கை வெச்சா பேர் கெட்டுடும். பத்து வாங்கிட்டு நீங்களே மாத்துங்க.”

புதுசு இருநூற்று எண்பது பக்கங்களையும் படித்தார். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

“திருத்தறதுக்குத் தப்பே இல்லையே சார்.”

ஸ்டோர்காரர் பல்லைக் குத்திக்கொண்டே, “சாப்பாட்டு நேரத்துல தேடிப் பாருங்க, கிடைக்கும்” என்றார்.

மதியம் ஒரு மணிக்கு அலுவலகம் காலியாக இருந்தது. மேடம் சாப்பிடப் போயிருந்தார். அவருடைய கணினி அவர் பெயரிலேயே திறந்து கிடந்தது.

புதுசு அதைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். காவலாளியின் விரல்களை நினைத்துக்கொண்டார். ‘மாற்றுச் சாவி நீலப் பெட்டியில்’ என்றிருந்ததைப் ‘பச்சைப் பெட்டியில்’ என்று மாற்றிவிட்டு, தன் இடத்துக்கு நொண்டிக்கொண்டே ஓடி, மறுபடி நீலமாக்கினார்.

“ஏற்கப்பட்டது. நன்றி.”

ஒன்று ஆயிற்று. பிறர் வீட்டுக்குள் புகுந்தவர் போல அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

நொண்டிக்கொண்டு ஓடிய அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒரு மெக்கானிக் பக்கத்தைப் பார்த்துத் தொலைத்திருந்தார். இல்லாத பச்சைப் பெட்டியைத் தேடி ஸ்டோரையே புரட்டிப் போட்டார். யார் எழுதியது என்று பார்த்தால், மேடம் பெயர்.

“நானா எழுதினேன்?” என்றார் மேடம். மறுநாள் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். அன்று இரண்டு தப்பு. மேசையில் ‘எழுதும் முன் இருமுறை படி’ என்று ஒரு சீட்டு ஒட்டினார். அடுத்த நாள் மூன்று. சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சீட்டு வந்தது.

சீக்கிரம் முடித்துவிட்டால் மேடமும் தப்பித்துவிடுவார் என்று கணக்குப் போட்ட புதுசு, நான்காம் நாள் ஒரே மதியத்தில் நான்கு தப்பைப் போட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து மேடத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது.

மாலையில் மேடம் புதுசின் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. உப்பை ரெண்டு தடவை போடுவாங்க. போடலைன்னு அடிச்சுச் சொல்வாங்க.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காலைல டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடறேன். அப்புறம் கூட்டத்துல உங்களைப் பாராட்டணும்.”

பத்தாவது திருத்தம் அப்போதுதான் ஏற்கப்பட்டிருந்தது. மேடம் எழுந்து போனதும் புதுசு அந்தப் பக்கத்தைத் திறந்து, மெயினை முதலில் அணைக்கச் சொல்லி மாற்றினார். காவலாளிகளின் விரல்கள் பிழைத்தன. புதுசுக்குத் தன் விரல்களைப் பார்க்கவே கூசியது.

“ஏன் தட்டையே பாத்துக்கிட்டிருக்கீங்க? வேலை போயிடுச்சா?” என்றாள் மனைவி, இரவுச் சாப்பாட்டின்போது.

“இல்ல. நாளைக்கு எனக்குப் பாராட்டு.”

“அதுக்கா மூஞ்சி இப்படி இருக்கு?”

மறுநாள் கூட்டத்தில் மேடம் எழுந்து நின்றார். கையில் ஓர் உறை.

“டாக்டர் ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்றார். எனக்கு நம்பிக்கை வரலை. நான் ராஜினாமா பண்றேன். வழிகாட்டியை இனிமே புதுசு சார் பாத்துக்குவார். என் தப்பைப் பத்து தடவை கண்டுபிடிச்சவர்.”

எல்லோரும் கைதட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுந்தது போலிருந்தது புதுசுக்கு. எழுந்தார்.

“அந்தப் பத்தையும் போட்டதே நான்தான் மேடம். நீங்க சாப்பிடப் போனப்ப, உங்க கம்ப்யூட்டர்ல. மன்னிச்சிடுங்க.”

மேடம் கோபப்படுவார் என்று காத்திருந்தார். மேடம் அவரைப் பாசமாகப் பார்த்தார். இதற்கு அறைந்திருக்கலாம்.

“நீங்க சேர்ந்தது போன மாசம். எனக்கு ரெண்டு வருஷமாவே அப்பப்ப இப்படித் தப்பு வருது, வெளியில சொல்லிக்கலை. என்னைக் காப்பாத்தணும்னு பழியை உங்க தலையில போட்டுக்காதீங்க சார்.”

“சத்தியமா நான்தான் மேடம்.”

“உக்காருங்க சார், பரவாயில்லை” என்று உறையை மேசைமேல் வைத்தார்.

மேடத்தின் பெயரைக் கணினியிலிருந்து எடுப்பதற்காக வந்து மூலையில் உட்கார்ந்திருந்த சிஸ்டம்காரர், திரையிலிருந்து தலையைத் தூக்கினார்.

“மேடம், ரெண்டு வருஷத்துல உங்க பேர்ல விழுந்த தப்பு மொத்தம் அறுபது, எல்லாமே மதியம் ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்குள்ள” என்றவர், தரையைப் பார்த்துக்கொண்டிருந்த, நம்பிக்கை பெற்ற அந்த ஐந்து பேரையும் ஒருமுறை பார்த்தார். “புதுசு சார் பத்தை ஒத்துக்கிட்டார், மீதி அம்பதையும் இவங்க ஆளுக்குப் பத்தா ஒத்துக்கிட்டா, நீங்க ராஜினாமாவைக் கிழிச்சிடலாம்.”