குறையில்லாத பீங்கான் நாடு

பீங்கான் நாட்டில் தெரு கிடையாது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் இடையில் கதவுகளும்தான். அங்கே குடிகள் ஆக்சிஜன் அயனிகள். அவர்கள் எங்கே போவதென்றாலும் பக்கத்து வீடு காலியாக இருக்க வேண்டும். ஒருவர் அதில் புகுந்தால், அவர் விட்ட வீட்டில் பின்னால் இருப்பவர் புகுவார். இப்படியே நகர்ந்து கிழக்கு எல்லையைத் தாண்டுகிறவர் இரண்டு எலக்ட்ரானைச் சுங்கமாக வைத்துவிட்டுப் போவார். நாட்டு விளக்குகள் எரிந்ததே அதில்தான்.

மேற்குக் கோடி அரண்மனையில் இருந்த வேந்தர் நிறைகோனுக்கு இதையெல்லாம் யார் போய்ச் சொல்வது? ஒருநாள் மாடியேறிப் பார்த்தார். ஆங்காங்கே காலி வீடுகள்.

"என் ஆட்சியில் குறையா?"

"இனி இராது, வேந்தே," என்றார் அமைச்சர் அளவுடையார்.

காலி வீடு ஒவ்வொன்றிலும் வேந்தரின் களிமண் சிலை குடியேறியது. சிலைக்கு ரேஷன் அட்டையும் ஓட்டும் உண்டு. கடைசிச் சிலை வந்து இறங்கியது கிழக்கு எல்லையில், கோமேதகம் என்பவளின் பக்கத்து வீட்டில். எல்லைக்கு அப்பால் அவள் மகளுக்குப் பேறுகாலம்.

"ஐயா, இந்த ஒரு வீட்டத் தாண்டுனா எம்பொண்ணுகிட்டப் போயிருவேன். இத மட்டும் காலி பண்ணிக் குடுங்க," என்று அதிகாரியிடம் கெஞ்சினாள்.

"மாமன்னரையே காலி செய்யச் சொல்கிறீரா, அம்மா?"

யாரும் நகர முடியாமல் விளக்குகள் அணைந்தன. இருட்டு என்ற சொல்லுக்குத் தடை வந்தது. பிறகு, குடிகளின் சோம்பலே காரணமென்று கண்டுபிடித்து, எல்லோரும் நின்ற இடத்திலேயே ஓட வேண்டுமென்று ஆணையிட்டார்கள். நாடே வியர்த்து விறுவிறுத்தது. ஓரடி நகர்ந்தவர் இல்லை. இந்த லட்சணத்தில் தேர்தல் வேறு. சிலைகளின் பேராதரவில் வேந்தரே வென்றார்.

வெற்றி விழாவன்று எல்லைக்கு அப்பாலிருந்து மகள் அலறுவது கேட்டது. கோமேதகம் சிலை இருந்த வீட்டுப் பக்கம் ஓடினாள்.

"நீ ராசாவா இருந்தா எனக்கென்னய்யா," என்று இடைக்கதவைத் திறந்து, சிலையை எல்லைக்கு வெளியே ஒரே தள்ளாகத் தள்ளினாள். பின்னாலேயே தாண்டி ஓடிப் பேத்தியைக் கையில் வாங்கினாள்.

அவள் வைத்துவிட்டுப் போன சுங்கத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் வீடு காலியாகக் கிடப்பதைப் பார்த்தவர் அதில் புகுந்தார். அவர் வீட்டில் அடுத்தவர் புகுந்தார். வழியில் நின்ற சிலைகளையெல்லாம் தள்ளிக்கொண்டே போனார்கள். ஆட்கள் கிழக்கே போகப் போக, காலி வீடு மேற்கே வந்துகொண்டிருந்தது. கடைசியில் அரண்மனைக்குப் பக்கத்து வீட்டுக்கே வந்துவிட்டது.

"உடனே அதை நிரப்புங்கள்," என்றார் வேந்தர்.

அளவுடையார் இடைக்கதவை மரியாதையாகத் திறந்து வைத்தார்.

"சிலைகள் தீர்ந்துவிட்டன, வேந்தே. அசல் ஒன்றுதான் பாக்கி."