மூன்று முறை ஐரோப்பா

"அப்போ பாரீசுல அந்த இரும்பு டவரைப் பாக்கவே இல்லையா?" என்று கேட்ட சின்னப்பன், வாய் வரை கொண்டுபோன டீ டம்ளரை அப்படியே நிறுத்தினார்.

"பாக்கலை. ஒரே மூடுபனி," என்றார் சிலுவைராஜ்.

"எத்தனை நாளு இருந்தீங்க?"

"மூணு நாளு."

"மூணு நாளும் பனியா?"

"மூணு நாளும்."

சின்னப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். மகன் ஜேசுதாசனுக்குப் பெண் பார்க்க வந்தவர் அவர். மகனுக்குத் துறைமுகப் பட்டறையில் நிரந்தர வேலை. சிலுவைராஜின் மகள் லூசியை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. இனி நாள் குறிக்க வேண்டியதுதான் என்ற நேரத்தில், சும்மா இருக்க முடியாமல், தானும் மனைவி ரீத்தாவும் மூன்று முறை ஐரோப்பா போய்வந்த கதையைச் சிலுவைராஜ் எடுத்துவிட்டார்.

போனது உண்மை. போர்ட் பிளேருக்கு வந்து மரைன் ஹில் சரிவில் ரொட்டிக்கடை போடுவதற்கு முன்னால், கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் அவர் சமையல்காரர், ரீத்தா ஆயா. துரை விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும்போதெல்லாம் இவர்களையும் கப்பலேற்றினார். ஐம்பத்துமூன்றில் ஒரு தடவை, ஐம்பத்தேழில் ஒரு தடவை, அறுபத்தொன்றில் ஒரு தடவை. துரை குடும்பம் ஐரோப்பாவைப் பார்த்தது. இவர்கள் துரை குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

சம்பந்தியாகப் போகிறவரின் முகம் சுருங்குவதைக் கண்டு சிலுவைராஜ் அவசரமாகச் சமாளித்தார். "அது மொதத் தடவை. ரெண்டாந்தடவை உச்சி வரைக்கும் ஏறிட்டோம்லா."

"எங்க ஏறினோம்?" என்று அடுக்களையிலிருந்து ரீத்தாவின் குரல் வந்தது. "அப்ப உங்களுக்கு வயித்தால போயிட்டுல்லா இருந்துச்சு. ரூமை விட்டே எறங்கலையே."

"நான் சொல்றது மூணாந்தடவை."

"மூணாந்தடவை நாம பாரீசுக்கே போகலை," என்றது அடுக்களை.

சின்னப்பன் மீதி டீயைக் குடிக்காமலே எழுந்தார். "நாள் குறிக்கிறதைப் பொறவு பேசுவோம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

லூசி அன்று சாப்பிடவில்லை. "உங்களை யாருப்பா ஐரோப்பாவைப் பத்திக் கேட்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். யாரும் கேட்கவில்லைதான்.

இரண்டு நாள் யோசித்து, பெட்டியின் அடியிலிருந்து ஒரு புகைப்படத்தைத் தேடி எடுத்தார். ரோமில் ஒரு நீரூற்றின் முன்னால் எடுத்தது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு சின்னப்பன் வீட்டுக்கே போனார்.

சின்னப்பன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துரை, துரைசானி, இரண்டு பிள்ளைகள். "இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"துரைசானி தலைக்கு மேல குடை தெரியுதுல்லா. அதைப் பிடிச்சிருக்க கை என் கைதான்."

சின்னப்பன் படத்திலிருந்த கையைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த கையைப் பார்த்தார். ஒப்பிட வசதியாகச் சிலுவைராஜ் விரல்களைக் குடை பிடிப்பதுபோல மடக்கிக் காட்டினார்.

"உங்க வீட்டம்மா?"

"அவ படத்துக்குக் கொஞ்சம் வெளிய நின்னா."

உள்ளேயிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சின்னப்பன் சிரிக்கவில்லை. "மனுசன் வாய் தவறி ஒரு ஜூட், ஒரு பொய் பேசலாம். அதுக்குப் படம் வேற தூக்கிட்டு வரலாமா? பொய் பேசுற வீட்டுல பொண்ணு எடுக்க எனக்கு மனசு வரலை," என்றவர் சற்று யோசித்தார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு உதயசூரியன் சாரைக் கூட்டிட்டு வாரேன். அவரு லண்டன்ல மூணு வருசம் இருந்தவரு. அவரு விசாரிக்கட்டும். சச்சா ஜூட்டா, நெசமா பொய்யான்னு தெரிஞ்சிரும்."

உதயசூரியன் கட்டட கான்ட்ராக்டர். போர்ட் பிளேரின் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாதவர். லண்டன் அரண்மனையின் வாசற்கதவு எவ்வளவு உயரம் என்று அவர் சொன்னால், மரைன் ஹில்லில் மறுத்துப் பேச ஆள் இல்லை. சிலுவைராஜ் அந்த அரண்மனைப் பக்கம் போனதே இல்லை.

"இனி ஒரு பொய் சொன்னீங்க, நான் எந்திரிச்சுப் போயிருவேன்," என்று ரீத்தா முன்கூட்டியே எச்சரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. உதயசூரியன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சின்னப்பன் பக்கத்தில். கதவுக்குப் பின்னால் லூசி.

"லண்டன்ல என்னென்ன பாத்தீங்க?" என்று உதயசூரியன் ஆரம்பித்தார்.

"செருப்பு," என்றார் சிலுவைராஜ்.

"என்னது?"

"துரை வீட்டு அடுக்களை தரைக்குக் கீழே இருந்துச்சு சார். சன்னல்ல பாத்தா ரோட்டுல போறவங்க கால் மட்டுந்தான் தெரியும். ரெண்டு மாசம் அதைத்தான் பாத்தேன்."

சின்னப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரோமாபுரியில பாப்பரசரைப் பாத்தீங்களாம்மா?"

"இல்ல சார்," என்றாள் ரீத்தா. "அவரு வெளிய வந்து ஆசீர்வாதம் குடுக்கும்போது துரை மவனுக்கு அவசரமா வந்துருச்சு. நான் அவனுக்குக் கால் கழுவிட்டு இருந்தேன். கூட்டம் சத்தம் போட்டது மட்டும் கேட்டுச்சு."

"சுவிட்சர்லாந்துல பனிமலை?"

"துரையோட சின்னப் புள்ளை என் மடியில தூங்கிட்டு இருந்துச்சு சார். திரும்பிப் பாத்தா முழிச்சுக்குமேன்னு பாக்கலை." ரீத்தா சேலையை மடிமீது நீவிவிட்டுக்கொண்டாள்.

மூன்று முறை கடல் தாண்டிப் போய்ச் சேர்த்துவந்த நினைவுகள் மொத்தமும் இவ்வளவுதானா என்று சிலுவைராஜுக்கே வெட்கமாக இருந்தது. லூசியின் கல்யாணம் கைநழுவிப் போய்விட்டதென்று முடிவுகட்டிவிட்டார்.

உதயசூரியன் கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு சின்னப்பன் பக்கம் திரும்பி, "இவங்க சொல்றது அத்தனையும் சத்தியம். அங்க போய் வாழ்ந்தவங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். தாராளமா சம்பந்தம் பேசுங்க," என்றார்.

சின்னப்பன் எழுந்து சிலுவைராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். குடை பிடித்த அதே கை. "தப்பா நெனைச்சிட்டேன், மன்னிச்சிருங்க," என்றவர், நாள் குறிக்கக் காலண்டர் கேட்டார். கதவுக்குப் பின்னால் லூசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சிலுவைராஜ் நன்றியோடு உதயசூரியனை வாசல்வரை வழியனுப்பப் போனார். "நல்லவேளை சார், விவரம் தெரிஞ்ச நீங்க வந்தீங்க."

உதயசூரியன் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, காதருகே குனிந்தார்.

"நான் மெட்ராசைத் தாண்டிப் போனதே இல்லண்ணே, போகாத ஊரை உங்களை மாதிரி இவ்வளவு நம்பும்படியா எப்படிச் சொல்றதுன்னு எனக்கும் கொஞ்சம் கத்துக்குடுங்க."