ரெண்டு மார்க் ஜோலின்

மூன்று வருஷம் தொடர்ந்து கடைசி இடம் வாங்கியவன் நான்காவது வருஷம் ஒன்று கோச் வேலையை விட வேண்டும், இல்லை தந்திரசாலி ஆக வேண்டும். வெர்ன் டில்மன் தந்திரசாலி ஆவதென்று தீர்மானித்தான். வேலையை விடச் சொல்லி ஊரில் நாலைந்து பேர் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்ததுண்டு. ஜாடை புரிகிற ஆள் இல்லை வெர்ன்.

இண்டியானாவில் சோளக்காட்டுக்கு நடுவே கிடக்கும் ஓட்வில்லில், மழை பெய்யாவிட்டால் கவலைப்படுவார்கள். கூடைப்பந்தில் தோற்றால் வீடு தேடி வந்து துக்கம் விசாரிப்பார்கள். வெர்ன் வீட்டுக்கு மூன்று வருஷமாக ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். சிலர் பாத்திரத்தில் சாப்பாடே கொண்டுவந்தார்கள்.

அவன் தொழில் விதைச்சோளம் விற்பது. எந்த விதை எந்த மண்ணில் எத்தனை நாளில் முளைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அதே கண்ணால் பிள்ளைகளையும் பார்த்து, எவள் முளைப்பாள், எவள் முளைக்க மாட்டாள் என்று சொல்லிவிட முடியும் என்பது அவன் நம்பிக்கை. இதுவரை அவன் பொறுக்கியெடுத்த ஒன்றுகூட முளைக்கவில்லை என்பதை அவன் மண்ணின் குற்றமாகவே கருதினான்.

பன்னிரண்டு வயதுப் பெண்களுக்கு ஊரில் ஆறு டீம். சட்டை நிறம்தான் டீமின் பெயர். வெர்ன் ஆரஞ்சு. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு சனிக்கிழமை எல்லாப் பெண்களையும் முதுகில் எண் குத்தி ஓடவிட்டு, கோச்சுகள் வரிசையாக உட்கார்ந்து பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும், தீயணைப்பு நிலையத்து ஹாலில் டிராஃப்ட். அதாவது கோச்சுகள் முறை வைத்து, சுற்றுக்கு ஒருத்தியாக, எட்டுச் சுற்றில் எட்டுப் பெண்களை எடுத்துக்கொள்வார்கள். போன வருஷம் கடைசியாக வந்தவனுக்கு இந்த வருஷம் முதல் தேர்வு. அந்த ஒரு மரியாதை வெர்னுக்கு மூன்று வருஷமாகக் கிடைத்து வருகிறது.

கோச்சின் சொந்தப் பெண்ணை வேறு யாரும் தொடக்கூடாது. அவள் அப்பன் டீமுக்குத்தான். ஆனால் சும்மா கிடைக்க மாட்டாள். ஒன்பது, பத்து மார்க் வாங்கியிருந்தால் அப்பன் தன் முதல் சுற்றுத் தேர்வை அவளுக்காக விட்டுக்கொடுக்க வேண்டும். மார்க் குறையக் குறைய விலையும் குறையும். இரண்டு மார்க் பெண்ணுக்கு எட்டாவது சுற்று போதும். எட்டாவது சுற்றில் கிடைப்பதெல்லாம் ஷூ லேஸ் கட்டத் தெரியாத பிள்ளைகள். போனால் போகிறது.

வெர்னின் தந்திரம் இந்த இடத்தில்தான் பிறந்தது. அவன் மகள் ஜோலின் கோடை விடுமுறையில் ஐந்து அங்குலம் வளர்ந்திருந்தாள். வீடு ஊருக்கு வெளியே நாலு மைல். கொட்டகைச் சுவரில் மாட்டிய வளையத்தில் தினமும் இருநூறு தடவை எறிந்து, நூற்றைம்பதை உள்ளே போட்டாள். இது வீட்டாரையும் மாடுகளையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"சனிக்கிழமை இடது கையால மட்டும் போடு," என்றான் அவளிடம். "ஓடுறப்ப கொஞ்சம் தடுக்கி விழு."

"எல்லாரும் பார்ப்பாங்களே அப்பா."

"பார்க்கட்டும். அதுக்குத்தானே."

அப்பா சொன்னால் செய்கிற பெண். செய்தாள். பந்து ஒரு தடவை வளையத்துக்குப் பதில் வேடிக்கை பார்த்த பாதிரியாரின் காப்பியில் விழுந்தது. மற்ற ஐந்து கோச்சும் பேசிவைத்தது போல இரண்டு மார்க் போட்டார்கள். வெர்னும் பெருமூச்சு விட்டபடி இரண்டு போட்டான். லீக்கின் செயலாளரும் அவனே. மார்க் பட்டியலை ஜிம் கதவில் ஒட்டுகிற வழக்கத்தைப் போன வருஷம் கொண்டுவந்ததும் அவன்தான். ஒளிவுமறைவு இருக்கக்கூடாது என்பது அவன் கொள்கை.

வெர்னின் மனைவி ரோண்டா பதினான்கு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் காலையிலும் மாலையிலும் கண்ணாடியில் பார்ப்பவள். திங்கட்கிழமை சாப்பாட்டு மேஜையில், ஜோலின் மாடிக்குப் போன பிறகு, அவள் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே பேச்செடுத்தாள்.

"இன்னைக்கு அவ முன் சீட்ல உக்காந்தா."

"உக்காரட்டுமே."

"முன் சீட்டு வாந்தி எடுக்கிற பிள்ளைங்களுக்கு, வெர்ன். அவ எப்பவும் கடைசி சீட்டு. பின்னாடி இருக்கிறதுங்க அவளை 'ரெண்டு'ன்னு கூப்பிடுது. கதவுல ஒட்டியிருக்காமே."

தந்திரத்தை இனி மறைத்துப் பயனில்லை என்று வெர்ன் முழுவதையும் சொன்னான். பாராட்டுவாள் என்றுகூட எதிர்பார்த்தான். ரோண்டா மசிப்பதை நிறுத்தவில்லை. உருளைக்கிழங்கு எப்போதோ கூழாகிவிட்டது.

"கதவுல இருக்கிறதைக் கிழிச்சிட்டு, அவளை வேணும்னே அப்படி ஆடச் சொன்னேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு," என்றாள்.

ஒரே வாரம்தானே, டிராஃப்ட் முடிந்து முதல் ஆட்டத்தில் வலது கையைக் காட்டினால் எல்லார் வாயும் அடைத்துவிடும் என்று அவன் விளக்கினான். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "சரி," என்றாள்.

பதினாறு வருஷம் குடித்தனம் செய்தவனுக்கு அந்தச் சரியின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். வெர்னுக்குத் தெரியவில்லை. அவன் மனம் ஹேடி யோடரிடம் இருந்தது.

ஹேடி யோடருக்குப் பன்னிரண்டு வயது, ஐந்தடி பத்தங்குலம். கையைத் தூக்கி எம்பினால் வலையைத் தொடுவாள். முதல் தேர்வு என்றால் ஹேடிதான் என்று ஊரே பேசியது. ஆனால் ஊரே சொல்வதைச் செய்தால் அதில் தந்திரம் எங்கே இருக்கிறது? மூன்று நாள் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, ஹேடியின் உயரத்தை ஒரு பத்தியிலும் அவள் தவறவிட்ட பந்துகளை ஒரு பத்தியிலும் எழுதிக் கூட்டிக் கழித்தான். கடைசியில் பஸ் ஓட்டுகிறவளிடமே கேட்டான்.

"குனிஞ்சுதான் உக்காருவா," என்றாள் ரோண்டா. "யாரும் தன்னைப் பார்க்கக்கூடாதுன்னு நினைக்கிற பொண்ணு."

"அப்ப ஆட்டத்துக்கு ஆகமாட்டா."

"நான் அப்படிச் சொல்லலை. குனிஞ்சு உக்காருவான்னு சொன்னேன்."

வியாழக்கிழமை பச்சை டீமின் கோச் ஹாவர்ட் லாண்டிஸ் போன் செய்தார். கூரையில் அடைத்த இலையை அள்ள ஏணியில் ஏறி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு வீட்டில் சாய்வு நாற்காலியில் கிடக்கிறவர். வலியில் முனகிக்கொண்டே, பச்சை டீமின் பேரத்தைச் சொன்னார். வெர்ன் தன் முதல் தேர்வைக் கொடுத்தால் பச்சையின் இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று இரண்டும் ஆரஞ்சுக்கு. ஆள் கணக்கு சரியாக வர வெர்ன் தன் ஏழாவது சுற்றையும் தள்ளிவிட வேண்டும்.

வெர்ன் மனதுக்குள் கணக்குப் போட்டான். ஜோலின் கிட்டத்தட்ட இலவசம். அவளே ஒரு முதல் தேர்வுக்குச் சமம். அதற்கு மேல் நல்ல பெண்கள் நாலு பேர். குனிந்து உட்காரும் ஒட்டகச்சிவிங்கி லாண்டிஸ் தலையில். இருந்தாலும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று ரிசீவரைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னான்.

ரோண்டா பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நான் பச்சை டீமா இருந்தா, இந்தப் பேரத்துக்கு ரொம்ப சந்தோஷப்படுவேன்," என்றாள்.

"அதான் உனக்கு ஒண்ணும் தெரியலைங்கிறது," என்று சொல்லிவிட்டு, லாண்டிஸிடம் சம்மதம் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு ஹாலில் பன்றியிறைச்சி சாண்ட்விச் வாசனை தூக்கலாக இருந்தது. ஒவ்வொருத்தர் கைக்கும் தட்டைவிடப் பெரிய சாண்ட்விச். நீலத்தின் கோச் டாரல் புஷ்தான் அன்று கூட்டத்தை நடத்துபவர். வெர்ன் பேனாவைத் திறந்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ரோண்டா உள்ளே வந்தாள், பின்னால் ஜோலின். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டோம் போலிருக்கிறது, கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து வெர்ன் தலையைத் தடவினான். கண்ணாடி அங்கேயே இருந்தது. ரோண்டா நேராகப் போய் பச்சை டீம் கோச்சின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜோலின் மூலை மேஜையில் உருளை வறுவலோடு ஒதுங்கினாள்.

"லாண்டிஸால இந்த வருஷம் நிக்க முடியாது," என்றார் டாரல். "செவ்வாய்க்கிழமையே ரோண்டா பச்சையை ஏத்துக்கிட்டா. உனக்குத் தெரியும்னு நினைச்சேன், ஒரே வீடுதானே."

லாண்டிஸின் போன் வந்த வியாழன், செவ்வாய்க்கு அப்புறம் வருவது என்பது வெர்னுக்கு மெதுவாக உறைத்தது.

"ஆரஞ்சு கொடுத்த முதல் தேர்வு," என்றாள் ரோண்டா, குரலை உயர்த்தாமல். "ஹேடி யோடர்."

அதோடு நிற்கவில்லை. கோச்சின் பெண் என்ற முறையில் ஜோலினும் பச்சைக்கு வேண்டும் என்றாள். வெர்ன் எழுந்து, ஜோலின் ஆரஞ்சு கோச்சின் பெண்ணும்தான் என்று நினைவுபடுத்தினான். டாரல் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தம்பதி விவாகரத்து செய்துகொண்டு, ஆளுக்கொரு டீமை வைத்துக்கொண்டு, பிள்ளைக்காக இந்த ஹாலிலேயே அடித்துக்கொண்டார்கள். அப்போது செயலாளர் வெர்ன் தன் கையாலேயே தட்டச்சு செய்த ஏழாம் விதி சொன்னது: தாயும் தகப்பனும் வெவ்வேறு டீமுக்குக் கோச்சாக இருந்தால், பிள்ளையைப் பயிற்சிக்கு யார் கூட்டிவருகிறாரோ, பிள்ளை அவர் டீமில் ஆடும்.

ஹாலில் இருந்த எல்லோரும் வெர்னைப் பார்த்தார்கள்.

"பிப்ரவரில ஒரு நாள் நான்தான் கூட்டிட்டு வந்தேன்," என்றான்.

"அது பல் டாக்டர்கிட்ட," என்றாள் ரோண்டா.

விதி விதிதான் என்று டாரல் தீர்ப்புச் சொன்னார். ஆறுதலாக, "உன் எட்டாவது சுற்று உனக்கே திரும்பக் கெடைச்சிருக்கு, வெர்ன்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

முதல் சுற்று நகர்ந்தது. மற்றவர்கள் நல்ல பெண்களாக எடுத்துக்கொண்டே போனார்கள். வெர்னுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஜோலின் அவன் பக்கம் திரும்பாமல் வறுவலை ஒவ்வொன்றாக, இடது கையால், தின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு மனைவியிடம் போனான்.

"ரோண்டா, ஒரு மாத்து. உன் ரெண்டாவது, மூணாவது சுற்றைத் திருப்பி எடுத்துக்கோ. என்னோட ரெண்டாவதையும் எடுத்துக்கோ. ஜோலினைக் குடு."

ரோண்டா தன் தாளைப் பார்த்தாள். "ரெண்டு மார்க் பொண்ணுக்கா? நீயே போட்டிருக்கியே. இவ்வளவு குடுத்து ஏமாந்துடாத. நான் மனசாட்சி உள்ளவ."

"அவ ரெண்டு மார்க் இல்லைன்னு உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியாதே."

டாரல் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். வெர்ன் மூலை மேஜையைப் பார்த்தான். ஜோலின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் தின்னவில்லை.

"அவ பத்து," என்றான் வெர்ன். "வலது கைக்காரி. இருநூறு போட்டா நூத்தம்பது உள்ள போகும். தப்பா ஆடச் சொன்னது நான். என் முதல் தேர்வு மிச்சமாகட்டும்னு சொன்னேன். அவளுக்குப் பிடிக்கலை. நான் சொன்னேங்கிறதுக்காகச் செஞ்சா."

சொல்லி முடித்ததும் ஜோலின் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு வாரமாக வெர்ன் அந்த முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது பார்க்க முடிந்ததே அவனுக்குப் பெரிதாக இருந்தது. அதோடு, இவ்வளவு சொன்ன பிறகு பெண் தன் பக்கம் வந்துவிடுவாள் என்றும் ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது.

"டாரல், பட்டியல்ல திருத்திக்கோ," என்றாள் ரோண்டா. "ஜோலின் டில்மன், பத்து."

"பத்துன்னா முதல் சுற்றை விட்டுக்குடுக்கணும் ரோண்டா. எட்டாவதுல கெடைக்க வேண்டியவ."

"அதுக்குத்தான் வச்சிருக்கேன். ஹேடிக்குப் போனது வெர்னோட தேர்வு. என்னோடது இன்னும் கையில இருக்கு. பச்சையோட முதல் சுற்றுத் தேர்வு, ஜோலின்."

மூலையில் ஜோலின் வலது கையால் வறுவலை எடுத்தாள். வெர்ன் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, போட்ட பேரத்துக்கு என்ன பதில் என்று மறுபடி கேட்டான்.

"பத்து மார்க் பொண்ணை யாராவது மாத்துவாங்களா?" என்றாள் ரோண்டா.

ஜோலின் தட்டோடு எழுந்து வந்து அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"அம்மா, நம்ம டீமுக்கு உதவி கோச்சு ஒருத்தர் வேணும்ல? அப்பாவை எடுத்துக்கலாமா?"

ரோண்டா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கணவனை, முதுகில் எண் குத்தி நிறுத்திய பிள்ளையைப் போல, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"எட்டாவது சுற்றுல பார்க்கலாம்," என்றாள். "அதுவரைக்கும் வேற யாரும் எடுக்கலைன்னா."