ஏரிக்காரனுக்கு இறால் பார்சல்

ஊரில் எல்லோரையும் கிண்டலடித்துத் திரிகிறவனுக்கு, தன்னைப் பார்த்து யாராவது சிரித்தால் தாங்காது. எல்லாக் கிண்டல்காரர்களும் இப்படித்தானா என்று தெரியாது, நான் இப்படித்தான். அந்தக் குணத்தால்தான், வலை போட்டு இறால் பிடித்துப் பிழைக்கிற நான், ஒரு வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் இறாலை ஏரிக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டில் பாலத்தைத் தாண்டி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. ஒரு சாயங்காலம் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது, மீன் விற்கிற ஆப் ஒன்றின் விளம்பரம் வந்தது. 'பழவேற்காடு ஏரி இறால்' என்று போட்டு, வெள்ளைத் தட்டில் வைத்து, கொத்தமல்லி சூட்டி ஒரு படம். அதே ஏரியில் நாற்பத்தெட்டு வருடம் ஊறிய எனக்கு இதுவரை யாரும் ஒரு இலைகூடச் சூட்டியதில்லை. (பொறாமைதான், வேறென்ன?) ஒரு பாக்கெட் வரவழைத்து டீக்கடை பெஞ்சில் வைத்து, நம்ம ஏரிப் பிள்ளை சென்னைக்குப் போய்ச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது என்று நாலு பேரைச் சிரிக்க வைக்கலாம் என்று தோன்றியது.

பணம் கட்டுகிற இடத்தில் கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் யாரோ ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருந்தார்கள். எனக்கு ஒரு வேலை மிச்சம் என்று மனதார நன்றி சொல்லிவிட்டு, கேட்ட இடத்திலெல்லாம் ரகசிய எண்ணைப் போட்டேன். எதற்காகக் கேட்கிறார்கள் என்று படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

பார்சல் வந்தபோது நான் வீட்டில் இல்லாமல் போனது என் விதி. என் மனைவி செல்வி பிரித்துவிட்டாள். அவள் பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். "ஏரிக்கரையில குந்திகினு இறால காசு குடுத்து வாங்குனியா? மார்க்கெட்ல தெரிஞ்சா என்னாண்ட எவ மீன் வாங்குவா?" என்று கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு வறுத்துச் சாப்பிட்டோம். வெளியே மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். டீக்கடைக்குப் போக வேண்டிய நகைச்சுவை எங்கள் வயிற்றோடு நின்றது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்பது முறை வைத்து வரும். அதற்குப் பாடு என்று பெயர். நாங்கள் நான்கு பேர் ஒரே வலை: நான், செல்வியின் தம்பி ஏழுமலை, இன்னும் இரண்டு பங்காளிகள். வலையில் வருவதெல்லாம் கரையில் ஒரே குவியலாகக் கொட்டப்படும். பங்கு பிரிக்கும்வரை குழம்புக்கென்று ஒரு கைப்பிடிகூட யாரும் ஒதுக்கக் கூடாது. ஒதுக்கினவன் ஊர்க்கூட்டத்தில் நிற்க வேண்டும். அவனுடைய பாடு உரிமை போய்விடும். அதைவிட, அவனோடு வலை பிடிக்க இன்னொருத்தன் வரமாட்டான்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை எங்கள் பாடு. வலை ஏறக்குறைய காலி. இந்த இடத்தில் இப்படிக் குறையாதே என்று ஏழுமலை முனகிக்கொண்டே வலையை உதறினான். மறுநாள் மத்தியானம், செல்வி மார்க்கெட்டில் இருந்த நேரத்தில், ஹெல்மெட் போட்ட ஒருவர் தெர்மாகோல் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். நான் எதுவும் கேட்கவில்லையே என்றேன். "சந்தா சார். வாராவாரம் வந்துடும்" என்று வாழ்த்துச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

உள்ளே தலை கிள்ளி, தோல் உரித்து, குடல் நீக்கிய இறால். வலை காலியாக வந்த மறுநாள் என் வீட்டில் இறால்!

நிதானமான மனிதன் என்ன செய்திருப்பான்? நேராக மச்சானிடம் போய் நடந்ததைச் சொல்லியிருப்பான். நான் யோசித்தது வேறு. சொன்னால் சிரிப்பான். அவன் சிரித்தால் குப்பமே சிரிக்கும். இத்தனை வருடம் நான் கிண்டலடித்தவர்கள் எல்லாரும் வரிசையில் வந்து பழி தீர்ப்பார்கள். எனவே முதலில் பெட்டியை அடுப்பில் திணித்துக் கொளுத்தினேன். (கறுப்புப் புகை கிளம்பியது. ரகசியத்துக்குக் கொடி ஏற்றிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.) பிறகு போனிலிருந்து ஆப்பை அழித்தேன். அழித்தால் சந்தாவும் அழிந்துவிடும் என்று நம்புகிற தலைமுறை நான். வறுக்கலாமென்றால் வாசனை செல்வியிடம் காட்டிக்கொடுத்துவிடும். பூனைக்கு வைத்தேன், அது ஐஸை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. கடைசியில் மூளை ஒரு வழி சொன்னது: எங்கிருந்து வந்ததோ அங்கேயே விட்டுவிடு.

வீட்டுக்குப் பின்னால் முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாகப் போட்டேன். தலையில்லாத இறால் நீந்தாது என்பது தெரியாதவனா நான்? எல்லாம் வெள்ளை வெளேரென்று என் காலடியிலேயே கிடந்தன. தள்ளிப் போங்கள் என்று காலால் விரட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் படகு வந்து நின்றது. ஏழுமலை. கையில் கோலைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்தான்.

"மாமா, இறாலுக்குத் தல எங்க?"

காலடியில் கிடந்த இரண்டைச் சேற்றுக்குள் அமுக்கினேன்.

"நேத்து நம்ம வலையில வந்ததா?"

"இல்ல மச்சான். மெட்ராஸ்லேந்து வந்துது. கூரியர்ல."

உண்மையைச் சொல்லும்போது என் முகம் அவ்வளவு திருட்டுத்தனமாக இருந்திருக்க வேண்டும். அவன் திட்டவில்லை. படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். திட்டியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

செல்வி மார்க்கெட்டிலிருந்து வந்ததும் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். அது பார்சலில் வந்ததுதான், அதற்கு முந்தின வாரமும் வந்தது, நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தின்றோம் என்று தன் மானத்தையும் சேர்த்துப் பணயம் வைத்தாள். "அக்கா, நீயும் சேந்து பொய் சொல்லாத" என்றானாம் அவன். உண்மை கூடக் கூட நம்பிக்கை குறைந்துகொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். ஆனால் அக்காவின் முகத்துக்காக ஒரு தவணை கொடுத்தான்: வாராவாரம் வரும் என்றால் அடுத்த வெள்ளிக்கிழமையும் வரட்டும், வராவிட்டால் அதற்கடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.

நானோ ஆப்பை அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாத ஒன்று வந்து தொலைகிறதே என்று அழுதவன், அது வராமல் போய்விடுமோ என்று அழ ஆரம்பித்தேன். அந்த வாரம் டீக்கடையில் நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. யாரும் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. அது தனி வருத்தம்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ஏழுமலை வந்து வாசலில் வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். மத்தியானம் பாலத்துப் பக்கமிருந்து வண்டிச் சத்தம் கேட்டது. அதே ஹெல்மெட், அதே பெட்டி. என் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதுகூட நான் அப்படி எழுந்து ஓடியதில்லை. பெட்டியை வாங்காமலே ஏழுமலையைக் கைகாட்டினேன். அவன் பிரித்தான். 'பழவேற்காடு ஏரி இறால்' என்று எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தான். ஒரு இறாலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு வலைமேலேயே சாய்ந்துகொண்டு, மூச்சு வாங்கும்வரை சிரித்தான்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டான். "ஏன் மாமா பார்சல் வந்தப்பவே சொல்லல?"

"சிரிப்பியேன்னுதான்."

"சிரிச்சா இன்னா? அதுக்கு உன்ன நான் திருடன்னு நெனைக்க வுட்டியே. ஒரு வாரமா எனக்கு சோறு எறங்கல, தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க என் மானத்தைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டிருந்தேன். என்னைச் சந்தேகப்படுவது அவனுக்கும் வலிக்கும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

சந்தாவைச் செல்விதான் முடித்தாள். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு மார்க்கெட் குரலில் பேசினாள். எதிர்ப்பக்கத்துப் பெண், உங்களை இழக்க மிகவும் வருந்துகிறோம் என்றாளாம். "நீ எதுக்கும்மா வருத்தப்படுற? நான்தான் இந்தாள வச்சினு வருத்தப்படணும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை.

கதை ஏரி முழுக்கப் பரவியது. பரப்பியது நான்தான், அடுத்தவன் சொல்லிக் கெடுப்பதற்கு நானே நன்றாகச் சொல்லலாமே. இப்போதெல்லாம் பாடு நாளில் வலை காலியாக ஏறினால் எங்கள் படகில் யாரும் முகம் தொங்கவிடுவதில்லை. ஏழுமலை கோலை ஊன்றிக்கொண்டு, மற்ற இருவரும் கேட்கும்படி, ரொம்பப் பணிவாகச் சொல்வான்:

"மாமா, போன எடு."